காற்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவர்

வீடியோ மாமா தன்னுடைய வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் படத்தை வெட்டினார். அது எங்களுக்காக. அதற்கு நாங்கள் அவருக்குச் செய்த கைம்மாறு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

பெயர் எழுதமாட்டேன். எழுதினாலும் ஸ்டுட்கார்ட் தமிழரில் பாதிப் பேருக்கு ஆள் விளங்காது. பெரியவர்களுக்கு அவர் வீடியோ அண்ணை, எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வீடியோ மாமா. கிழமை நாட்களில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. சனி ஞாயிறு தோளில் கமரா. வலத் தோள் அந்தப் பாரத்துக்குப் பழகி, கமரா இல்லாத நாளிலும் சரிந்தே இருக்கும். குளிர்காலத்தில் எல்லோரும் தொப்பியும் சால்வையுமாக ஒரே மாதிரித் தெரியும்போது, ரயில் மேடையில் அந்தத் தோளை வைத்துத்தான் அவரை அடையாளம் காண்போம்.

மற்ற ஊர்ப் படக்காரர்கள் எல்லாம் வெட்டி ஒட்டி, மணமக்களின் தலையில் ரோசாப்பூ விழுவது போலவும், தேவாலயக் கூரையிலிருந்து புறா பறப்பது போலவும் செய்து கொடுப்பார்கள். இவரிடம் அந்த வித்தையெல்லாம் கிடையாது. கமராவைத் திறந்தால் திறந்ததுதான். முன்னால் நடப்பது எல்லாம் படம். யாராவது ஒரு இடத்தை எடுத்துவிடச் சொன்னால், "வெட்டமாட்டன் அக்கா. வெட்டினால் அது உங்கடை வீட்டுக் கலியாணம் இல்லை, என்ரை கலியாணம்" என்பார். அதற்கு மேல் அவரோடு வாதாட ஏலாது.

என்னுடைய முதல் நன்மைப் படத்தில் நான் நற்கருணை வாங்கும் காட்சி அரை நிமிடம் வரும். அதற்குப் பின்னால் அப்பா வாயை ஆவென்று திறந்து கொட்டாவி விடுவதும், அம்மா அவருடைய விலாவில் இடிப்பதும், அப்பா திடுக்கிட்டுப் போய்த் தப்பான இடத்தில் 'ஆமென்' சொல்வதும் சிந்தாமல் சிதறாமல் இருக்கிறது. அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

"கொட்டாவியை நான் விடேல்லையே அக்கா. அண்ணைதானே விட்டவர்" என்றார் வீடியோ மாமா.

பேச்சும் அப்படித்தான். ஆயிரம் ஆசையோடு புதுச் சோபா வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், "இதைப் போட்ட பிறகு உங்களுக்கு நடக்க எங்கை இடம்?" என்று கேட்பார். தேத்தண்ணி கொடுத்தால் முதல் மிடறிலேயே தீர்ப்பு வந்துவிடும்: சீனி கூடிப்போச்சு, அல்லது சாயம் காணாது. என் அம்மாவின் தேத்தண்ணிக்கு எப்போதும் சீனி கூடிப்போச்சுத்தான். அம்மா அடுத்த முறை வேண்டுமென்றே இன்னொரு கரண்டி போடுவார்.

இருந்தும் எல்லோரும் அவரையே கூப்பிட்டார்கள். எந்தப் பனியிலும் வருவார், சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து நிற்பார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக் கொட்டாவி எங்களுக்குக் கசந்தாலும், மற்ற வீட்டுக் கொட்டாவி இனித்தது. அவருடைய கசெட்டுகள் வீடு வீடாக இரவல் போகும். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் பெண்ணின் தாய்மாமனும் முன்வரிசைக் கதிரைக்காகத் தள்ளுப்பட்ட படம் ஒன்று ஆறு மாதம் எங்கள் தெருவில் ஓடியது.

அந்த ருசியில்தான் ரோல்ஸ் அக்காவின் கதையும் நடந்தது.

பெண்பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுப் படம். நடுவில் பிள்ளைக்குப் பூப் போடுகிறார்கள். படத்தின் ஓரத்தில், சாப்பாட்டு மேசையடியில், ஒரு பெண் நின்று இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸ் இரண்டு மூன்றை மெதுவாகக் கடதாசித் துவாயில் சுற்றித் தன்னுடைய கைப்பைக்குள் வைக்கிறார். பையின் சிப்பை இழுத்துவிட்டு, தலையைத் தூக்கிப் பார்க்கிறார். நேரே கமராவுக்குள் பார்க்கிறார். அந்த முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அந்தக் கசெட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, றிமோட்டைப் பறித்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டது என் அம்மாதான். "நில்லுங்கோ, நில்லுங்கோ, இன்னொருக்கால் பாப்பம்" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தப் பெண்ணுக்கு ரோல்ஸ் அக்கா என்ற பெயர் வந்தது. அவர் மாதாந்தத் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிறகுதான் தெரியவந்தது, அவருடைய கணவர் வேலையிடத்தில் விழுந்து முதுகு அடிபட்டு வீட்டோடு கிடக்கிறார் என்று. ரோல்ஸ் அவருக்குத்தான் போயிருக்கிறது.

வீடியோ மாமா ரோல்ஸ் அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா கதவைத் திறக்கவில்லை. மாமா அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முன்னால் இருந்தார்.

"நான் ஒரு பொய்யும் சேர்க்கேல்லை அண்ணை. நடந்ததைத்தான் எடுத்தனான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்குதில்லை."

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, "நீங்கள் ஏன் தம்பி கவலைப்படுறியள்? களவெடுத்தது அவதானே" என்றார்.

வீடியோ மாமா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சீனி கூடிப்போச்சு என்றார்.

களவைப் பற்றிப் பேசிய என் அம்மாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் அந்த நாட்களில் சாக்குச் சாக்காக உடுப்புச் சேரும். வன்னியில் இடம்பெயர்ந்து இருக்கும் சனத்துக்கென்று எங்கள் ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். தரம் பிரித்துக் கட்டுகிற பொறுப்பு அம்மாவுடையது. "அவவின்ரை கையிலை குடுத்தால் ஒரு நூலும் பிசகாது" என்று எங்கள் தமிழ்ப் பூசைச் சபைத் தலைவரே சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அது கழுத்தில் போட்ட சங்கிலி மாதிரி.

ஒருநாள் தலைவரின் மனைவி தன்னுடைய பச்சைக் கோட்டைக் கொடுத்தார். கரும்பச்சை, முழங்காலுக்குக் கீழே வரும் தடித்த கம்பளி, பெரிய கறுப்புப் பொத்தான்கள். அதில் ஒன்று எங்கேயோ விழுந்துபோக, அந்த இடத்தில் மண்ணிறப் பொத்தான் ஒன்று தைத்திருந்தது. எத்தனையோ குளிர்காலம் அவர் அதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தவர், அதனால் அந்தக் கோட்டைத் தெரியாத ஆளே எங்களுக்குள் இல்லை. அம்மா அதை ஒரு பையில் வைத்து ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"வன்னி வெயிலுக்கு இது என்னத்துக்கு? அங்கை சனம் சிரிக்கும்" என்றார்.

நியாயம்தான். ஆனால் அடுத்த மாதம் அந்தக் கோட்டும் பார்சலில் ஏறித் தலைமன்னாருக்குப் போனது. தலைமன்னாரில் என்ன, பனியா கொட்டுகிறது? அங்கே என் பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, இருந்தார். வெளிநாட்டுச் சாமான் என்றால் பார்த்தவுடன் வெளிநாட்டுச் சாமானாக இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. சேலையை மன்னாரிலேயே வாங்கலாமே. அதனால் கம்பளித் தொப்பி, தோல் சப்பாத்து, ஒரு கைப்பை, கடைசியாக இந்தக் கோட்டு. எல்லாம் சாக்கிலிருந்து வந்தவை. தொலைபேசியில் சொன்னது வேறு: "உனக்கெண்டு கடை கடையாப் பாத்து வாங்கினது அக்கா."

நான் ஒருமுறை கேட்டேன். அம்மாவுக்கு முகம் கறுத்துப்போனது.

"பெரியம்மாவும் அகதிதான். மூண்டு தரம் இடம்பெயர்ந்தவ."

அது பொய்யில்லை. அதுதான் கரைச்சல். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு சமாதான காலம் வந்தது. இரண்டாயிரத்து மூன்று கோடை விடுமுறைக்கு வீடியோ மாமா ஊருக்குப் போக வெளிக்கிட்டார். அவரிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. எங்களைப் போன்ற கனபேரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலநிறப் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. பூசை முடிந்ததும் அவர் எழும்பி நின்று சொன்னார்:

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆசை. ஒண்டே ஒண்டுதான். சொல்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

சனம் சூழ்ந்துகொண்டது. ஒருவருக்குத் தான் படித்த பள்ளிக்கூட வாசல் வேண்டும். இன்னொருவருக்குத் தம்பியின் புதைகுழி. ஒருவர் தன் மாமியார் தன்னைத் திட்டுவதை அப்படியே எடுத்துவரச் சொன்னார். அம்மா கடைசியாகப் போனார்.

"என்ரை அக்காவின்ரை முகம். வேறை ஒண்டும் வேண்டாம் தம்பி."

அம்மாவுக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார். பெரியம்மாதான் தலை வாரி இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர். அம்மா அங்கிருந்து வெளிக்கிட்டபோது நான் பிறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவைக் கண்டதில்லை. வீட்டிலிருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம், அதிலும் மூக்குக்குக் கீழே மங்கிப்போய்விட்டது. வீடியோ மாமா ஊருக்குப் போன நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு இரவும் செபமாலைக்குப் பிறகு, அக்காவின் தலை நரைத்திருக்குமோ, பல்லு விழுந்திருக்குமோ என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, தேவாலய மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார். மண்டபம் நிறைந்திருந்தது. மாமியார் உண்மையாகவே திட்டினார், மூச்சு விடாமல். புதைகுழி வந்தபோது எல்லோரும் எழும்பி நின்றோம். ஒன்றும் வெட்டப்படவில்லை.

பிறகு தலைமன்னார். நான் என் வாழ்க்கையில் முதல் தடவை அந்த இடத்தைப் பார்த்தேன். சோளகக் காற்று ஹோவென்று ஒலிவாங்கிக்குள் இரைந்தது. பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன. இந்தியாவுக்குக் கப்பல் போய்வந்த பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு கிடந்தது. பலகை உக்கிப்போன இடங்களில் தண்ணீர் தெரிந்தது. வெள்ளை வெளிச்சவீடு. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலைந்து கழுதைகள். கருவாடு காயப்போட்ட சாக்கு பறந்து போகாமல் மூலைக்கு மூலை கல்லு வைத்திருந்தது. சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனார் ஒருவர். கடற்படைக் காவலரண் தெரியவும் கமரா சட்டென்று கடலுக்குத் திரும்பியது. மன்னார்க் குடாவின் அந்த நீலத்தை நான் எந்தத் தபாலட்டையிலும் கண்டதில்லை.

"அந்தா, அந்தக் கடையிலைதான் அக்கா எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தாறவ" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "என்ன ஒரு காத்து" என்று பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அம்மா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். அடுத்ததாக அக்கா வரவேண்டும்.

படம் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்து வந்தது வவுனியாவில் யாருடையதோ ஒரு ஒழுங்கை.

அம்மா எழும்பினார். "எங்கை என்ரை அக்கா?"

வீடியோ மாமா புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றார். "பட்டரி முடிஞ்சுது அக்கா."

"பத்து நிமிசம் காத்தைப் படம் பிடிக்கப் பட்டரி இருந்துது, ஆளைப் பிடிக்க இல்லையோ?" என்று மனைவியோடு முன்வரிசையில் இருந்த தலைவர் கேட்டார். மண்டபம் சிரித்தது.

அம்மாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் ஏறிவிட்டது. "நீங்கள் என்ரை அக்காவிட்டைப் போகவே இல்லை. கடற்கரையிலை காத்து வாங்கிக்கொண்டு இருந்திட்டு வந்து எங்களுக்குப் பேய்க்காட்டுறியள். நான் கேட்டது ஒரு முகம். ஒரேயொரு முகம். அதைக் கூடச் செய்ய ஏலாத நீங்கள் பெரிய உண்மை விளம்பியாட்டம் ஊரெல்லாம் கமராவைத் தூக்கிக்கொண்டு திரியிறியள்."

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார். தோள் வழமையைவிடக் கொஞ்சம் கூடச் சரிந்திருந்தது போல எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து அவர் பட்டரி அண்ணை ஆனார். ஊருக்குப் போகாமல் கொழும்பில் நின்றுவிட்டுப் பழைய கசெட்டைப் போட்டுக் காட்டினவர் என்றுகூடக் கதை கட்டினார்கள். ஒவ்வொரு கொண்டாட்டமாகக் கைவிட்டுப் போனது. புறா பறக்கவிடுகிற இளம் பெடியன்கள் வேறு ஊரிலிருந்து வரத் தொடங்கினார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, தலைமன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மா கடையொன்றில் காத்திருந்து பேசுவார். தூரத்துக்கு ஏற்ப உரக்கப் பேசவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் சோபாவின் மற்றத் தொங்கலில் இருந்த எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பிள்ளை, அந்தத் தம்பி படம் எடுத்துக்கொண்டு போனவன், பாத்தனியோ? நீ அனுப்பின எல்லாத்தையும் போட்டுக்கொண்டு நிண்டனான். பச்சைக் கோட்டும் போட்டனான். வடிவா இருந்ததோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த மண்டபமும் முன்வரிசையில் இருந்த தலைவரின் மனைவியும் அந்த மண்ணிறப் பொத்தானும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டன.

"ஓம் அக்கா, பாத்தனான்" என்றார் அம்மா. "நல்ல வடிவா இருந்தது."

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பையும் இல்லை.

அதற்குப் பிறகாவது அவரைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள்ளேயாவது கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவரைச் சுத்தப்படுத்த வேண்டுமானால் அம்மா அழுக்காக வேண்டும். பட்டரி அண்ணை என்று எவராவது பகிடி பண்ணும்போது அம்மா சேர்ந்து சிரிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் அதையே செய்தேன். கோபத்தில் ஒருவரைச் சந்திக்காமல் விடலாம், அது நாலு நாளில் ஆறிவிடும். வெட்கத்தில் சந்திக்காமல் விட்டால் அது வருடக்கணக்கில் போகும்.

அவர்தான் வந்தார். ஒரு சனிக்கிழமை கீழே மணி அடித்தது. அம்மா கீழ் வாசலோடு பேசும் தொலைபேசியை எடுத்து யாரென்று கேட்டார்.

"நான்தான் அக்கா. உங்களிட்டை ஒண்டு தரவேணும்."

அம்மா பதறிப்போய், தன்னுடைய சொந்தக் குரலிலேயே, "வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்றார்.

"சரி அக்கா. ஒருத்தரும் வந்தவுடனை நான் வந்துபோனனான் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

இன்னொரு தடவையும் வந்தார். அப்போது அம்மா அந்தத் தொலைபேசியையே எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று அந்தத் தோள் தெருவைக் கடந்து போவதைப் பார்த்தோம்.

இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மா போய்விட்டார். காய்ச்சல் என்றார்கள், இருதயம் என்றார்கள். அம்மாவால் போக முடியவில்லை. இங்கே பூசை வைத்தோம். வீடியோ மாமா தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்கில் வந்து இருந்தார். சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்றைக்குத்தான் அம்மா முதல் தடவையாக என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்: "அந்தக் கசெட்டிலை அக்கா உயிரோடை இருக்கிறா. கேக்கிறதுக்கு எனக்கு முகம் இல்லை."

எனக்குக் கலியாணம் சரிவந்தது அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு தை மாதம். எங்கள் ஆட்களிடம் அழைப்பிதழைத் தபாலில் போட்டால் மரியாதையில்லை. தாய் தகப்பன் நேரே போய்க் கையில் கொடுக்கவேண்டும். அப்பா ஷிப்டில் நின்றதால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ரோல்ஸ் அக்காவின் வீடு. மணி அடித்தோம். உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அம்மா அழைப்பிதழைத் தபால் பெட்டிக்குள் போட்டார்.

அடுத்து வீடியோ மாமாவின் வீடு. கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. அம்மா அழைப்பிதழைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் வந்திட்டினமோ அக்கா?" என்று அவர் கேட்டார்.

அம்மாவுக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. "மகளின்ரை கலியாணத்தை நீங்கள்தான் எடுக்கவேணும் தம்பி" என்றார்.

"வெட்டமாட்டன்."

"தெரியும் தம்பி."

அவர் நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போய் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். ஒரு சின்னக் கசெட்டும், அதைப் போட்டுப் பார்க்கத் தன்னுடைய பழைய கமராவும், அடியில் மடித்து வைத்த பச்சைக் கோட்டும் இருந்தன. "தனிய இருந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

கட்டிலில் இருந்து, அந்தக் கமராவின் உள்ளங்கையளவு திரையில் பார்த்தோம். அதே காற்று, அதே இறங்குதுறை. அதற்கு முன்னால் பெரியம்மா நிற்கிறார். கம்பளித் தொப்பி, தோல் சப்பாத்து, கையில் கைப்பை, கழுத்து வரை பொத்தான் பூட்டிய பச்சைக் கோட்டு. வெயில் கொளுத்துகிறது. தொப்பிக்குக் கீழேயிருந்து வியர்வை ஓடி நாடியில் சொட்டுகிறது. அப்படியே என் அம்மாவின் முகம்.

"அக்கா, வேர்க்குது. கழட்டிப்போட்டு நிண்டால் என்ன?" என்கிறது வீடியோ மாமாவின் குரல்.

"இல்லைத் தம்பி, இருக்கட்டும். அவள் பாக்கட்டும். ஆசையா அனுப்பினவள்." பிறகு கமராவுக்குள் பார்க்கிறார். "பிள்ளை, பாத்தியே? நீ அனுப்பினது ஒண்டும் வீண் போகேல்லை." மெதுவாகச் சுற்றி முதுகுப் பக்கத்தையும் காட்டுகிறார். திரும்பி வந்து மண்ணிறப் பொத்தானைப் பிடிக்கிறார். "கடையிலை வாங்கினது எண்டு எனக்குப் பொய் சொன்னனி என்ன? இந்தப் பொத்தானிலை பிடிச்சிட்டன். நீ போட்டுத் திரிஞ்ச உன்ரை கோட்டைக் கழட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். உன்ரை குணம் எனக்குத் தெரியாதே? அங்கை உனக்குக் குளிருமேயடி. தம்பி, இதைக் கொண்டுபோய் அவளிட்டைக் குடு. நான் வேண்டாமெண்டு தந்ததெண்டு சொல்லாதை, போட்டுப் பாத்தவ எண்டு சொல்லு."

கோட்டைக் கழற்றுகிறார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. இரண்டு கையையும் விரித்துக் காற்றுக்கு முகத்தைக் கொடுக்கிறார். "அப்பாடா, என்ன சுகம்" என்று சிரிக்கிறார். முன்பல்லு இரண்டு இல்லை.

படம் முடிந்த பிறகும் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்னை நல்லவள் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டா" என்றார்.

எனக்கு அம்மாவை அணைக்கக் கூச்சமாக இருந்தது.

கலியாணத்தன்று அம்மா அந்தப் பச்சைக் கோட்டோடு தேவாலயத்துக்கு வந்ததைக் கண்டேன். வெளியே பனி, குளிருக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் மண்டபத்தில் மேடையில் இருந்தேன், சனம் வந்து வந்து கைகொடுத்தது, தூரத்து வாசலில் பச்சையாக ஏதோ அசைவது மட்டும் அவ்வப்போது தெரிந்தது. அப்பா அன்றிரவு முழுதும் அம்மாவோடு பேசவில்லை. ஏனென்று கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று கிழமையில் வீடியோ மாமா கசெட்டைக் கொண்டுவந்து தந்தார்.

அதில்தான் பார்த்தேன். மண்டப வாசல். வெப்பமூட்டி முழுதாக எரிகிறது, வருகிறவர்கள் எல்லாம் மேலுடுப்பைக் கழற்றிக் கொழுவுகிறார்கள். அம்மா மட்டும் பட்டுச் சேலைக்கு மேலே கழுத்து வரை பொத்தான் பூட்டிய பச்சைக் கோட்டோடு நின்று பன்னீர் தெளிக்கிறார். தலைவரின் மனைவி வருகிறார். பன்னீருக்குக் குனிந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார். மண்ணிறப் பொத்தானை விரலால் தொடுகிறார்.

"இது நான் அகதியளுக்குக் குடுத்த கோட்டெல்லோ?"

"ஓம் அக்கா, உங்கடைதான்" என்கிறார் அம்மா. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறார். "நான் சாக்குக்குள்ளை இருந்து எடுத்து என்ரை அக்காவுக்கு அனுப்பினனான். அவ அதைப் போட்டுக்கொண்டு நிண்ட படத்தைத்தான் இந்தத் தம்பி உங்களுக்குக் காட்டாமல் விட்டவர். பட்டரி முடியேல்லை."

தலைவரின் மனைவி வாயைத் திறந்து, மூடி, உள்ளே போய்விடுகிறார். பின்னால் ஒருவர் மற்றவரின் காதுக்குள் ஏதோ சொல்கிறார். ஒரு பெண் சிரிக்கிறார். எல்லாம் இருக்கிறது. அம்மாவின் நெற்றிப் பொட்டுக் கரைந்து மூக்கில் இறங்குகிறது. கமராவுக்குப் பின்னாலிருந்து வீடியோ மாமாவின் குரல் மெதுவாகக் கேட்கிறது.

"அக்கா, வேர்க்குது. கழட்டுங்கோ."

"இல்லைத் தம்பி, இருக்கட்டும்" என்கிறார் அம்மா. "எல்லாரும் பாக்கட்டும்."

அடுத்த குடும்பம் வருகிறது, அம்மா பன்னீர்ச் செம்பைத் தூக்குகிறார், கமரா ஓடிக்கொண்டேயிருக்கிறது.